கடை ருசி வீட்டில் வரவில்லையா? ஃப்ரைடு ரைஸ் முதல் மஞ்சூரியன் வரை, கோளாறு வாரியாக

சேலத்தில் பொழுது சாய்ந்து ஐந்து ரோடு பக்கமோ புதிய பேருந்து நிலையம் பக்கமோ போனால், ஃபாஸ்ட் ஃபுட் கடைகளின் கரண்டிச் சத்தமும் பூண்டு வதங்கும் வாசனையும் ஆளைப் பிடித்து நிறுத்தும். அந்த ஆசை இயல்பானது. அதைத் திட்டி அடக்குவதைவிட வீட்டிலேயே நன்றாகச் செய்து கொடுப்பது மேல் என்பது என் கட்சி. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், ஒரு தடவை செய்கிறார்கள், “கடையில சாப்பிடற மாதிரி இல்ல” என்று பிள்ளைகள் பாதித் தட்டை ஒதுக்குகிறார்கள், அடுத்த வாரம் மறுபடியும் ஃபோனில் ஆர்டர்.

கடை ருசியின் பெரும்பங்கு எண்ணெயிலும் கலர் பொடியிலும் இல்லை. நல்ல சூடு, ஈரம் இல்லாத பொருள், போடுகிற வரிசை, இந்த மூன்றில்தான் இருக்கிறது. இந்த மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் எண்ணெயையும் உப்பையும் தாராளமாகக் குறைக்கலாம், நாக்குக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. பிடிக்காவிட்டால் கால் லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் வராது. கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

சாதம் குழைந்து கட்டிகட்டியாக நிற்கிறது

எல்லோரும் முதலில் சொல்லும் புகார் இதுதான். சட்டியில் போடுவதற்கு முன்பே ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். மாவாக நசுங்கினால் தண்ணீர் அதிகம். நசுங்காமல் உருண்டு கொடுக்கிறது, ஆனால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்றால் சாதம் இன்னும் ஆறவில்லை, அல்லது மேலே கஞ்சி படிந்திருக்கிறது.

தண்ணீர் அதிகம் என்றால்: குழம்புக்கு வைக்கும் அளவில் ஃப்ரைடு ரைஸுக்கு வைக்கக் கூடாது. புழுங்கல் பொன்னிக்கு குக்கரில் வழக்கமாக ஒன்றுக்கு மூன்று வைப்பவர்கள் இதற்கு ஒன்றுக்கு இரண்டு வைத்தால் போதும். அரை மணி ஊறிய பாசுமதிக்கு ஒன்றுக்கு ஒன்றரை. அதைவிட நல்ல வழி, நம் பாட்டிமார் செய்ததுதான்: நிறையத் தண்ணீரில் வேகவைத்து, முக்கால் பதம் தாண்டியதும் வடித்துவிடுவது. பருக்கையின் மேல் ஒட்டியிருக்கும் கஞ்சி எல்லாம் அதோடு போய்விடும். பாசுமதிதான் வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வீட்டில் இருக்கும் புழுங்கல் பொன்னி வடித்து ஆற வைத்தால் நன்றாகவே உதிரும். சாமையிலும் செய்யலாம், அதையும் இதே மாதிரி வடித்து ஆற விட வேண்டும்.

ஒட்டுகிறது என்றால்: அகலத் தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் இருபது நிமிடம் ஆற விட்டு, பிறகு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆறும்போது அரிசியின் மாவுச்சத்து இறுகுகிறது, மேற்பரப்பின் ஈரமும் போகிறது. அதனால்தான் கடைகளில் முன்னதாகவே சாதத்தை வடித்து ஆற வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். “பழைய சாதம்தான் நல்லது” என்று கேள்விப்பட்டு, ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். வெந்த சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் உயிரோடு மிஞ்சும். சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சு உண்டாக்கும். அதில் வாந்தி உண்டாக்கும் நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரலாம். அதனால் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் இதில் சலுகையே கிடையாது.

இவ்வளவும் சரி, சட்டியில் போட்ட பிறகுதான் குழைகிறது என்றால்? எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் இதையேதான் கேட்டாள்.

“அக்கா, சாதம் உதிரியாத்தான் இருந்துச்சு. வடச்சட்டியில போட்டதும் குழைஞ்சு போச்சு.”

“மூடி போட்டியா?”

“ஆமாங்க்கா, கேரட் வேகட்டுமேன்னு ரெண்டு நிமிஷம் மூடி வச்சேன்.”

அதுதான் காரணம். மூடினால் ஆவி திரும்பச் சாதத்திலேயே இறங்கும். காய் வேகவில்லை என்றால் காயை இன்னும் மெல்லிசாக நறுக்க வேண்டுமே தவிர மூடக் கூடாது.

குழைந்த சாதம் கையில் இருக்கிறது, விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால் அதை வறுக்கப் போராட வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, மிளகும் வெங்காயத்தாளும் தூவிக் கஞ்சியாகக் காய்ச்சிவிடுங்கள். சீனாவில் காலை உணவாகவே அரிசிக் கஞ்சி குடிக்கிறார்கள். மேலே ஒரு அவித்த முட்டை வைத்தால் அது ஒரு முழுச் சாப்பாடு.

காய் தண்ணீர் விட்டுத் துவண்டு போகிறது

காதால் கண்டுபிடிக்கலாம். காயைப் போட்டதும் ‘சொர்ர்’ என்று ஒரு சீரான சத்தம் வர வேண்டும். கிளறக் கிளற அந்தச் சத்தம் தணிந்து, அடியில் கொப்புளம் விடும் ‘களபுள’ சத்தமாக மாறினால், காய் வறுபடவில்லை, தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரே தடவையில் நான்கு பேருக்குச் செய்வது. கடை அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு. அங்கே ஒரு சட்டிக் காய் விழுந்தாலும் சூடு இறங்காது, இங்கே இறங்கிவிடும். ஆகவே இரண்டு பேருக்கு ஒரு தடவை, அடுத்த இரண்டு பேருக்கு இன்னொரு தடவை. நேரம் கூடுதல் என்று தோன்றும், ஆனால் ஒரு தடவைக்கு நான்கு நிமிடம்தான்.

அதுவும் சரியாக இருக்கிறது என்றால் கழுவிய ஈரத்தைப் பாருங்கள். உழவர் சந்தையிலிருந்து காலையில் வாங்கி வந்த முட்டைக்கோஸும் பீன்ஸும் கழுவியவுடன் நறுக்கி நேராகச் சட்டிக்கு வந்தால் அரை டம்ளர் தண்ணீரும் கூடவே வருகிறது. துணியில் பரப்பித் துடையுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் காயின் நீரை அது வெளியே இழுத்துவிடும்.

வரிசை: கேரட், பீன்ஸ் முதலில், கோஸ் அடுத்தது, குடைமிளகாய் அதற்கப்புறம், வெங்காயத்தாள் இறக்கும்போது.

எல்லாம் போட்டேன், ஆனால் அந்த வாசனை இல்லை

மனசுக்குத் திருப்தி வராமல் போவது இந்த இடத்தில்தான். கடைச் சட்டியில் எண்ணெய்த் துளிகள் தீயில் பட்டுப் புகைந்து, சாஸ் கொதிக்கும் இரும்பில் பட்டுக் கருக்கலாக மாறும் ஒரு மணம் உண்டு. அதை முழுசாக வீட்டில் கொண்டுவர முடியாது. முக்கால்வாசி கொண்டுவர முடியும்.

இரும்பு வடச்சட்டியை எடுங்கள். எண்ணெய் இல்லாமல் பெரிய பர்னரில் மூன்று நிமிடம் காயட்டும். லேசாகப் புகை கிளம்பும்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சட்டியைச் சுழற்றுங்கள், உடனே பூண்டு. பதினைந்து விநாடியில் காய். பிறகு சாதம். சாதத்தைக் கரண்டியால் தட்டிப் பரப்பி, அரை நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். அடியில் இருக்கும் பருக்கைகள் லேசாகத் துள்ளும். அப்போது புரட்டுங்கள். சோயா சாஸை சாதத்தின் மேல் ஊற்றாதீர்கள். சாதத்தை நடுவுக்கு ஒதுக்கிவிட்டு, சட்டியின் சுற்றுச்சுவரில் ஒரு வட்டமாக விடுங்கள். இரும்பில் பட்டதும் சுர்ரென்று பொரிந்து, ஒரு கணம் கேரமல் மாதிரி ஒரு மணம் எழும். அந்தக் கணமே கிளறிவிடுங்கள். இதே ஒரு ஸ்பூன் சாஸைச் சாதத்தின் மேல் ஊற்றினால் வெறும் உப்பும் நிறமும்தான் மிஞ்சும்.

நான்-ஸ்டிக் சட்டியில் இதைச் செய்யக் கூடாது. வெறும் சட்டியை அவ்வளவு சூடாக்கினால் அதன் பூச்சு கெடும். சேலத்துக்காரர்கள் வீட்டில் எவர்சில்வர் வடச்சட்டிக்குக் குறைவில்லை, அதிலும் செய்யலாம். சட்டி காய்ந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உடனே ஆவியாகிப் போனால் இன்னும் காய வேண்டும். முத்துப்போல் உருண்டு ஓடினால் எண்ணெய் விடலாம். இந்தப் பதம் பிடித்தால் எண்ணெய் குறைவாக இருந்தாலும் ஒட்டாது.

மரச்செக்குக் கடலை எண்ணெய் வாங்குகிறவர்கள் கவனிக்க: அது சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும். காய்ந்த சட்டியில் எண்ணெய் விட்ட கையோடு பூண்டையும் போட்டுவிட்டால் சூடு தணிந்து எண்ணெய் கருகாது. நல்லெண்ணெயைச் சீன எள் எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றுவதும் உதவாது. அங்கே எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுகிறார்கள், மணம் வேறு. ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கிக் கடைசியில் தூவினால் அதற்குப் பக்கத்தில் வரும்.

அஜினோமோட்டோ பற்றிக் கேட்பார்கள். அதை விஷம்போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதில் சோடியம் சுமார் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பில் சுமார் 39 சதவீதம். ஆனால் வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை. காளானைத் தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்கிச் சேருங்கள், அல்லது ஒரு தக்காளியைத் துருவி நன்றாகச் சுண்ட வையுங்கள். அந்த நாக்கில் நிற்கும் ருசி அவற்றிலேயே இருக்கிறது.

மஞ்சூரியன் எண்ணெய் குடிக்கிறது, ஐந்து நிமிடத்தில் துவண்டு போகிறது

கோபி மஞ்சூரியனைச் சீனப் பலகாரம் என்றே நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒத்து வராது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மஞ்சூரியன் பிறந்தது மும்பையில். 1975-ல் அங்கே கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் கோழியை வைத்து முதலில் செய்தார் என்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், அதன்மேல் சோயா சாஸும் சோளமாவும். பாதிப் பொருள் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பது.

எண்ணெய் குடிக்கிறது என்றால் எண்ணெய் காயவில்லை. ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலே மிதந்து வர வேண்டும். அடியில் தங்கினால் பொறுங்கள். ஒரே தடவையில் பத்துப் பதினைந்து துண்டு போட்டாலும் எண்ணெய் ஆறும். இன்னொன்று, பொரிக்கும்போதைவிடப் பொரித்து எடுத்து ஆறும்போதுதான் எண்ணெய் அதிகமாக உள்ளே இறங்குகிறது. எடுத்தவுடன் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் கம்பி வடிதட்டில் பரப்புங்கள்.

துவள்கிறது என்றால் காலிஃபிளவர்ப் பூவில் ஈரம் இருக்கிறது. புழுவுக்காக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுப்போம் இல்லையா, அதற்கப்புறம் துணியில் கால் மணி நேரமாவது உலர வேண்டும். மாவு தோசை மாவாக ஓடாமல் பூவைப் பிடித்து நிற்க வேண்டும்.

ஆனால் ஆரோக்கியத்துக்காகச் செய்கிறோம் என்றால் பொரிப்பதையே விட்டுவிடுங்கள் என்பேன். பணியாரக் கல் போதும். கோஸ், கேரட், பீன்ஸ் மூன்றையும் பொடியாக நறுக்கியோ துருவியோ இரண்டு கப், கொஞ்சம் உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். கையால் ஒட்டப் பிழியுங்கள். பிழிந்த நீரைக் கொட்ட வேண்டாம், சாஸுக்கு ஆகும். துருவலோடு மூன்று மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச் அல்லது சோளமாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, இஞ்சி, பூண்டு, மிளகு. உருட்டிப் பாருங்கள். உருண்டை விரிந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் மாவு. குழிக்குக் கால் ஸ்பூன் எண்ணெய், நடுத்தரத் தீ, மூடி போட்டு நான்கு நிமிடம், திருப்பிவிட்டு மூடாமல் நான்கு நிமிடம். வெளியே முறுகல், உள்ளே மெது. ஒரு கல் முழுக்கச் செய்தாலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சுற்றித்தான் செலவு. காலிஃபிளவரையும் இதில் சுடலாம், ஆனால் பந்து உருண்டை மாதிரி சீராக முறுகாது. எனக்கு உருண்டைதான் பிடிக்கிறது.

முறுகலாக வந்த பிறகு சாஸில் போடுவது சாப்பிட உட்காரும் நிமிடத்தில். சாஸ் உருண்டைமேல் பூசி நிற்க வேண்டும், உருண்டை சாஸில் நீந்தக் கூடாது. அப்பா வர நேரமாகும் என்றால் இரண்டையும் தனித்தனியாக வைத்துவிடுங்கள்.

சாஸ் கட்டி தட்டுகிறது, அல்லது கெட்டியாகவே மாட்டேன் என்கிறது

கட்டி தட்டினால்: மாவை நேராகச் சூட்டில் கொட்டியிருப்பீர்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஊற்றுவதற்கு முன் மறுபடி ஒரு கலக்குக் கலக்கி, சாஸைக் கிளறிக்கொண்டே விட வேண்டும். கட்டி ஏற்கெனவே வந்துவிட்டால் வடிகட்டிவிடுங்கள், கரைக்க முயல வேண்டாம்.

கெட்டியாகவில்லை என்றால் மாவைப் பாருங்கள். வேண்டியது வெள்ளைச் சோள ஸ்டார்ச். மில்லில் அரைத்த மஞ்சள் மக்காச்சோள மாவு மணல்போல நிற்கும், பளபளப்பு வராது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. நம்மைச் சுற்றிலும் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைகள். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-லிருந்து இங்கே இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி ஸ்டார்ச் சாஸுக்கு அருமையாக ஒத்துவரும். சோளமாவைவிடக் குறைந்த சூட்டிலேயே கெட்டியாகும், கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், மாவு வாடை வராது. இரண்டு பேருக்கான சாஸுக்கு ஒரு டீஸ்பூன் போதும். அளவு கூடினால் இழை இழையாக இழுக்கும், நெடுநேரம் கொதித்தால் மறுபடி நீர்த்துவிடும். ஊற்றி, ஒரு கொதி வந்து பளபளப்பானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். உணவுக்கானது என்று பாக்கெட்டில் போட்டிருப்பதையே வாங்க வேண்டும். ஆலைத் தேவைக்கு விற்கும் ஸ்டார்ச் வேறு.

உப்பு கரிக்கிறது, ராத்திரி முழுக்கத் தாகம்

சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உப்புக் கணக்கில் 2 கிராமுக்கு மேல். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதத்தில் உப்பு, காயில் உப்பு, சில்லி சாஸில் உப்பு, தக்காளி சாஸில் உப்பு, அதன்மேல் சோயா என்று ஐந்து வாசல் வழியாக வருகிறது.

நான்கு வாசலை மூடுங்கள். சாதம் உப்பில்லாமல் வடியுங்கள், காய்க்கும் உப்பு வேண்டாம், தக்காளி சாஸும் வேண்டாம். சில்லி சாஸை வீட்டிலேயே அரையுங்கள்: ஊறவைத்த காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் வினிகர், துளி நாட்டுச்சர்க்கரை. சோயா சாஸ் மட்டும் இரண்டு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி. குறைவாகத் தோன்றினால் உப்பைத் தேடாமல் அரை ஸ்பூன் வினிகரும் புதிதாக இடித்த மிளகும் கடைசியில் சேருங்கள். புளிப்பும் காரமும் ஏறினால் உப்பின் குறை தெரியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பை எடுத்துக்கொள்வதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ஏற்கெனவே கரித்துவிட்டதா? உப்பில்லாத சாதமும், பச்சையாக நறுக்கிய கோஸும் கலந்து அளவைப் பெருக்குவதுதான் வழி. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சும் என்பதை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

“சிவப்பா இல்லையே” என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்

அந்தச் சிவப்பு வேண்டாம். ரோடமைன்-பி என்ற, உணவுக்கு ஆகாத சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் நல்ல நிறம், காரமும் குறைவு. ஒரு துண்டு பீட்ரூட்டையும் சேர்த்து அரைத்தால் பிள்ளைகள் கேட்கும் சிவப்பே வந்துவிடும்.

நூடுல்ஸ் ஒட்டிக்கொண்டு பிண்டமாகிறது

கொதிக்கும் தண்ணீர் போதாமல் போனாலோ, முழுசாக வேகவிட்டாலோ இப்படி ஆகும். நடுவில் லேசாகக் கடிபடும்போதே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, அரை ஸ்பூன் எண்ணெய் பிசறிப் பரப்புங்கள். சட்டியில் கரண்டியால் குத்தாமல் இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் போடுங்கள்.

மைதா வேண்டாம் என்றால் எதையோ தேடி அலைய வேண்டியதில்லை, நம்மிடம் சந்தகை இருக்கிறது. புழுங்கலரிசி மாவை வேகவைத்துப் பிழிந்த சந்தகையை ஆறவிட்டு, வதக்கிய காயில் போட்டுச் சோயாவும் மிளகும் சேர்த்துப் புரட்டினால் அது அரிசி நூடுல்ஸேதான். சூடாக இருக்கும்போது போட்டால் நொறுங்கும், நன்றாக ஆறியிருக்க வேண்டும். மைதா நூடுல்ஸ் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் தடவை இரண்டையும் பாதிப் பாதி கலந்து கொடுங்கள்.

சிக்கன் ரப்பராக இருக்கிறது

நாரின் குறுக்கே மெல்லிசாக வெட்டுங்கள். கால் கிலோவுக்குப் பாதி முட்டை வெள்ளைக்கரு, ஒரு ஸ்பூன் ஸ்டார்ச், ஒரு ஸ்பூன் சோயா, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி இருபது நிமிடம். காய்ந்த சட்டியில் ஒற்றை அடுக்காகப் போட்டு, உள்ளே சிவப்பு மறைந்ததும் எடுத்துவிட்டு, கடைசியில் திரும்பச் சேருங்கள். சோடா உப்பு தேவையில்லை.

கறுத்துப்போய்க் கசக்கிறது

பூண்டு கருகியிருக்கும், அல்லது டார்க் சோயா அதிகம். இரண்டும் இல்லை, நாக்கில் இரும்பு வாடை அடிக்கிறது என்றால், வினிகரையும் தக்காளியையும் இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்க விட்டிருப்பீர்கள். புளிப்புச் சாஸை எவர்சில்வரில் செய்து, வறுவலை மட்டும் இரும்பில் செய்யுங்கள்.

ஏற்காட்டில் இருக்கிறேன், எழுதியபடி செய்தும் வேகவில்லை

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அடுப்பின் கணக்கும் மாறும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி சுற்றளவிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. அதனால் வடித்த சாதத்தில் நடுவில் அரிசி நிற்கும். பாக்கெட்டில் நான்கு நிமிடம் என்று போட்டிருக்கும் நூடுல்ஸுக்கு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். சாதத்துக்குத் தண்ணீர் குறைத்துக் குக்கரே வையுங்கள். சாஸுக்குச் சோளமாவைவிட மரவள்ளி ஸ்டார்ச் அங்கே இன்னும் நல்லது, குறைந்த சூட்டிலேயே வேலை செய்துவிடும். சட்டியில் எண்ணெயில் வறுப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அது அப்படியேதான்.

பனி இறங்கும் மாதங்களில் முறுகல் சீக்கிரம் நமத்துப்போகும். பணியாரக் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரட்டும். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு: காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்கும் மிளகு. கடைகளில் போடும் வெள்ளை மிளகுத் தூளுக்குப் பதில் அந்த மிளகைக் கரகரப்பாக இடித்து, இறக்கும்போது போட்டுப் பாருங்கள்.

சாப்பிட்ட பிறகும் திருப்தி இல்லை, ஒன்பது மணிக்கு மறுபடி பசி

தட்டைப் பாருங்கள். முக்கால் தட்டு சாதம், ஓரத்தில் நாலு கேரட் என்றால் அப்படித்தான் பசிக்கும். ஒரு கப் சாதத்துக்கு இரண்டு கப் காய், ஆளுக்கு ஒரு முட்டையோ கைப்பிடி பனீரோ முளைகட்டிய பயறோ, மேலே வறுத்த கடலை. வயிறும் நிறையும், கனமும் இருக்காது.

எது கேட்டு நாக்கு அலைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முறுகலுக்கு ஆசைப்பட்டவருக்கு ஃப்ரைடு ரைஸ் கொடுத்தால் ஆசை அடங்காது, மஞ்சூரியன்தான் கொடுக்க வேண்டும். புளிப்பும் காரமும் கேட்டவருக்கு ஒரு கிண்ணம் சூப் போதும். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்ற வைத்தால் பாதி வேலை மிச்சம்.

வேலை முடிந்து வந்தால் செய்ய நேரமில்லை, ஆர்டர்தான் போடுகிறோம்

ஆர்டர் போட வைப்பது பெரும்பாலும் நறுக்குகிற வேலைதான். காலையில் சாதம் வடிக்கும்போதே ஒரு கப் கூடுதலாக வடித்து, ஆற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காயை நறுக்கித் துணி விரித்த டப்பாவில் வைத்தால் ஈரமும் போய்விடும். சாஸை வாரத்துக்கு ஒரு தடவை கலந்து பாட்டிலில் வைக்கலாம்: சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று, வினிகர் ஒன்று, நாட்டுச்சர்க்கரை ஒரு டீஸ்பூன், மிளகு. இரண்டு பேருக்கு இதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்தால் போதும், உப்புக் கணக்கும் கட்டுக்குள் நிற்கும்.

அப்புறம், சட்டியைக் காய வைப்பதற்கு முன் சாதம், காய், பூண்டு, சாஸ் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீ ஏறிய பிறகு ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனால் திரும்பி வருவதற்குள் பூண்டு கருகிவிடும்.